நூத்திப் பதினாலு சீட்டு

மாத்த மாட்டேன்னா மாட்டேன்தாம்மா. தேறலைன்னு போட்டேன், போட்டது போட்டதுதான். நீங்க அந்தத் தாள எம்பக்கம் எத்தன தடவ தள்ளி வெச்சாலும் சரி, பேனா மூடியக் கழட்டிக் கைல குடுத்தாலும் சரி. எழுவத்தோரு வயசானாலும் எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுது. எந்தக் கட்டத்துல கோடு போட்டேன்னும் தெரியுது. வீட்டுல புழங்குற வார்த்தைகள்: தேறினார், தேறவில்லை. ரெண்டாவது கட்டம். பிரென்னா, அமெரிக்காக்காரி, தேறலை. முடிஞ்சுது.

என்னது, போன் பண்ணி அழுதாளா? எங்க இருந்து? ஆமா, இப்ப பிரான்ஸுல மோன்பெல்லியே ஊருக்குப் போயிருப்பா. அங்க பிரெஞ்சு கத்துக்கறாளாக்கும். அழட்டும். இந்த ஒரு தாளால அவளுக்கு அடுத்த வருஷ உதவித்தொகை நின்னுபோயிடும்னா நான் என்ன பண்றது? பொய் எழுதவா?

சரி, உக்காருங்க. வந்தது வந்துட்டீங்க. சலமாங்காவுல ஜூலை மாசம் மூணு மணிக்கு ஒருத்தர் வீட்டு மணிய அடிக்கறதே தப்பு. அந்த நேரத்துல தெருவுல நாய் கூட நடக்காது. உங்க பழைய ஆபீசர் அம்மா இருந்தாங்களே, மாட்ரிட்டுக்கு மாத்திக்கிட்டுப் போனவங்க, அவங்களா இருந்தா ஏழு மணிக்கு மேலதான் வருவாங்க. வந்தா அடுப்படில வந்து உக்காந்து...

ஏய் ஏய், அதச் சுரண்டாதீங்கம்மா. அழுக்கில்ல அது, டேப்பு ஒட்டின தடம். பிரிட்ஜ் கதவுல மட்டுமில்ல, வீடு முழுக்க இருக்கும். நகத்த எடுங்க. ம்.

எம்பொண்டாட்டி ஒபுதுலியாவா? இல்ல. சமோராவுக்குப் போயிருக்கா, அவ அக்கா வீட்டுக்கு. வியாழக்கிழமை பஸ்ஸுக்கு வருவா. தெரியும்மா, வீடு அவ பேர்லதான் உங்ககிட்டப் பதிஞ்சிருக்கு, அவதான் கோடு போடணும், அவதான் கையெழுத்துப் போடணும். பத்தொம்பது வருஷமா போட்டவதானே. இந்தத் தடவ நான் போட்டேன். வியாழக்கிழமை வந்து அவளையே கேளுங்க. நீங்க படியேறும்போது கீழ்வீட்டு காசில்தா கதவத் தொறந்து பாத்திருப்பாளே, ஏதாச்சும் சொன்னாளா? ஒண்ணும் சொல்லலையா? ஆச்சரியந்தான்.

தண்ணி குடிங்க. அந்த மண்ஜாடில இருக்கறதுதான் சில்லுன்னு இருக்கும்.

நான் கேக்கறேன், நீங்க ஆபீசுல உக்காந்து போட்டிருக்கீங்களே அந்த அட்டை, ஐரோப்பாவின் மொழிகளும் பண்பாடுகளும், கோடைகாலப் பயணம்னு, அத எந்தப் புண்ணியவான் எழுதினான்? எட்டு வாரத்துல நாலு நாடு! கோயிம்ப்ரால ரெண்டு வாரம் போர்த்துக்கீசு, இங்க மூணு வாரம் எங்க ஸ்பானிஷ் பாஷை, அப்புறம் பிரெஞ்சு, கடைசி ஒரு வாரம் இத்தாலி. சந்தைல நாலு கடைலயும் நாலு ஆலிவ் எடுத்து வாயில போட்டுப் பாக்கற மாதிரி. அந்தப் பொண்ணு இந்த வாசல்ல வந்து நின்னப்ப போர்த்துக்கீசுல எனக்கு நன்றி சொன்னா. நான் என்ன கோயிம்ப்ராக்காரனா?

வந்த ரெண்டாம் நாள் செவ்வாக்கிழமை ஃபிளமெங்கோ கிளாஸ்னு கூட்டிக்கிட்டுப் போறீங்க. சலமாங்காவுல எவம்மா ஃபிளமெங்கோ ஆடறான்? எங்க அப்பன் ஆடினானா, பாட்டன் ஆடினானா? பன்னி அறுக்கற குளிர்ல உடம்பு நடுங்கும், அதான் எங்க ஆட்டம். ஞாயித்துக்கிழமை மஞ்சச் சோறு. வலென்சியாக்காரன் சோத்த இங்க வந்து எதுக்குப் போடறீங்க? அவ வந்து எங்கிட்ட உங்க ஊர்ச் சாப்பாடு ரொம்ப நல்லா இருக்குங்கறா. மறுநாள் பருப்பும் எங்க ஊர் பன்னி சாசேஜ் சோரிசோவும் போட்டு ஒரு குண்டான் வெச்சேன். இந்த வெயில்லயான்னு பாத்தா. ஆமாடி, இந்த வெயில்லதான். சாப்பிட்டா. ரெண்டு தட்டு சாப்பிட்டா, சொல்லக் கூடாது.

ஒரு நட்சத்திரம் குடுத்திருக்காளாம் எனக்கு. அஞ்சுக்கு ஒண்ணு. நான் என்ன ஓட்டலா? அந்தப் புகார வாசிங்க, பாப்போம். கண்ணாடி போட்டுக்கிட்டே வாசிங்க.

வீட்டுக்காரர் சரியான பதிலைத் தவறு என்று சொன்னார். ம். பலமுறை சொன்னார். ம். குப்பையில் போட்டதை எடுத்து மறுபடி ஒட்டினார். ம், அப்புறம்? கடைசி நாள் தெருவில் நின்று என்னைப் பார்த்துக் கத்தினார். எனக்குப் பயமாக இருந்தது.

பயமா? எனக்கா பயந்தா? நான் அவளப் பாத்துக் கத்தவே இல்ல. தொட்டியப் பாத்துக் கத்தினேன்.

இருங்க, உங்களுக்கு ஒண்ணும் புரியல. புதுசா வந்திருக்கீங்க. இந்த வீட்டு மொறை என்னான்னு அந்தப் பழைய அம்மாகிட்டக் கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்க. எங்க வீட்டுக்குன்னே பசங்க சண்ட போட்டுக்கிட்டு வருவாங்க, தெரியுமா உங்களுக்கு? எதுக்குன்னு நெனைக்கறீங்க, என் மூஞ்சிக்கா? ஒபுதுலியாவோட சீட்டுக்கு.

அவ என்ன பண்ணுவான்னா, ஒவ்வொரு வருஷமும் குளிர்காலத்துல உக்காந்து பழைய மருந்துக்கடைக் காலண்டரக் கிழிச்சு, பின்பக்கம் வெள்ளையா இருக்குமில்ல, அத சின்னச் சின்னச் சீட்டா வெட்டுவா. வெட்டி, பச்ச மை பேனால வீட்டுல இருக்கற ஒவ்வொரு சாமான் பேரையும் எழுதுவா. வடிகட்டி. துடைப்பம். உப்பு ஜாடி. கத்திரிக்கோல். துணிக்கிளிப்பு. ஜன்னல் தட்டி. பூண்டு இடிக்கற கல்லு. எழுதி, பசங்க வர்றதுக்கு மொத நாள் டேப்பு போட்டு அது அது மேல ஒட்டிடுவா. உள்ள வந்தா வீடே பேசற மாதிரி இருக்கும். பதினோரு வயசு வரைக்கும் பள்ளிக்கூடம் போனவ அவ. ஆனா எழுத்து, என்னா எழுத்துங்கறீங்க! ஒவ்வொண்ணும் காத்துல சாஞ்ச கோதுமை மாதிரி வலப்பக்கம் சாஞ்சு நிக்கும்.

அதுக்கு ஒரு சட்டம் வெச்சிருந்தா. சீட்ட மூடிக்கிட்டு, இது என்னான்னு கேப்பா. ரெண்டு நாள் கேப்பா. ரெண்டு நாளும் டக்குன்னு சரியாச் சொல்லிட்டா அந்தச் சீட்டப் புள்ளைங்களே பிச்சுக் கசக்கித் தூக்கிப் போடலாம். கத்துக்கிட்ட வார்த்தைக்குச் சீட்டு எதுக்குடிம்பா. போட்டுடணும், திரும்பிப் பாக்கக் கூடாது. இப்படியே போயி கடைசி நாள் வீட்டுல ஒரு சீட்டு இருக்காது. மொட்டையா நிக்கும் அடுப்படி. அன்னிக்கு ஆட்டுக்குட்டி வாட்டி விருந்து. அந்தப் புள்ளைங்க ஒயின் குடிச்சிட்டு ஒவ்வொரு சாமானா தொட்டுத் தொட்டுப் பேரு சொல்லிக் கத்துவாங்க, இவ கை தட்டுவா. இதெல்லாம் எனக்குப் பாதி கேள்விதான். முப்பத்தெட்டு வருஷம் ரொட்டி அடுப்புல ராத்திரி வேலை பாத்தவன் நான். அவங்க சாப்பிட்டுச் சிரிக்கற நேரம் நான் அந்த ரூம்ல தட்டியப் போட்டுத் தூங்கிக்கிட்டிருப்பேன். சுவத்துக்கு அந்தப்பக்கம் சிரிப்பு கேக்கும். சும்மா இருங்கடி, மனுசன் தூங்கறான்னு திட்டுவா. திட்டிட்டு அவளே எல்லாரவிடச் சத்தமாச் சிரிப்பா. ஒரு தடவ எழுந்து கண்ணாடியப் பாத்தா நெத்தில சீட்டு. புருசன்னு எழுதியிருக்கு.

சிரிக்காதீங்க. நான் கோவமா இருக்கேன்.

இந்த வருஷம் நூத்திப் பதினாலு சீட்டு. நான்தான் ஒட்டினேன். அவ எழுதிக் கட்டி அலமாரில வெச்சிருந்தா, எடுத்து ஒட்டினேன். எனக்கு எது எங்கன்னு தெரியாம ரெண்டு மணி நேரம் ஆச்சு. உப்பு ஜாடி எங்க இருக்குன்னே எனக்கு இந்த வருஷந்தாம்மா தெரியும்.

அப்ப அந்தப் பொண்ணு வர்றா. வந்த அன்னிக்கு ராத்திரிச் சாப்பாட்டுல நானே வாயக் குடுத்தேன். பெரும பீத்திக்கிட்டேன். எங்க வீட்டுல இதுதான் சட்டம், கத்துக்கிட்டா பிச்சுப் போடணும், கடைசி நாள் மொட்டையாயிடணும், பத்தொம்பது வருஷமா இப்படித்தான்னு. அவளுக்குக் கண்ணெல்லாம் மின்னுது. நல்லாத்தான் இருந்துச்சு. கடைசி நாள் என்ன ஆகும்னு நான் ரோசன பண்ணவே இல்ல. ஒட்டின மடையனுக்குப் பிக்கற நாள் வரும்னு தெரிய வேணாம்?

மூணாம் நாள் காலைல வந்து நிக்கறா. கேளுங்கன்னா. வடிகட்டியக் காட்டினேன். சொன்னா. துடைப்பம், சொன்னா. தீப்பெட்டி, சொன்னா. பன்னெண்டு சாமான். ரெண்டு நாளா பன்னெண்டும் சரி. இத்தன வருஷத்துல மூணாம் நாள்ல பன்னெண்டு யாரும் பிச்சதில்ல. பிச்சா, கசக்கினா, குப்பக் கூடைல போட்டா. மேல தக்காளித் தோல் விழுந்துச்சு.

அவ கிளாசுக்குப் போனதும் நான் கூடையக் கவுத்தேன். ஆமா, கவுத்தேன். பன்னெண்டையும் எடுத்து, தொடச்சு, புஸ்தகத்துக்கடில வெச்சு நீவி, திரும்ப ஒட்டிட்டேன். சாயங்காலம் வந்து பாத்தா. என்னங்க இதுன்னா. உச்சரிப்பு சரியில்லம்மா, நாக்கு இன்னும் உருளணும்னேன். சரின்னு உக்காந்து உருட்டினா பாவம், ராத்திரி பூரா ரூம்ல உருட்டிக்கிட்டிருந்தா. மறுநாள் சொன்னா. இப்ப உருளுது, ஆனா ரொம்ப உருளுதுன்னேன்.

அதுக்கு மேல தினமும் இதே கூத்து. அவ பிப்பா, நான் ஒட்டுவேன். கத்திரிக்கோல்னு சொன்னா, இந்த ஊர்ல அத அப்படிச் சொல்ல மாட்டோம்பேன். நிறுத்திச் சொன்னா வேகம் பத்தலம்பேன். வேகமாச் சொன்னா முழுங்கறேம்பேன். ஒரு நாள் அவ இடுப்புல கை வெச்சுக்கிட்டு, சுத்தமான எங்க பாஷைல கேக்கறா, உங்களுக்கு வெக்கமா இல்லயான்னு. ஒரு பிழை இல்லாம கேட்டா. அப்பவும் நான், இன்னொரு தடவ சொல்லு பாப்போம்னேன்.

கடைசி நாள். நான் சாப்பிட்டுப் படுத்தேன். எழுந்து வர்றேன், அடுப்படி மொட்டையா இருக்கு. கூடம் மொட்டை. குளிக்கற எடம் மொட்டை. நூத்திப் பதினாலும் இல்ல. அவ நடுவுல நின்னுக்கிட்டு, சந்தோசமாத்தான் நின்னா பாவி, ஒவ்வொண்ணாத் தொட்டு ஆரம்பிக்கறா, வடிகட்டி, துடைப்பம், உப்பு ஜாடி... சீட்டு எங்கன்னேன். சொல்லிக்கிட்டே போறா. சீட்டு எங்கடின்னேன். வீட்டுக் கூடைல போட்டா நீங்க எடுத்துடறீங்க, அதனால தெருக்கோடில இருக்கற நீலத் தொட்டில போட்டுட்டேன், காகிதத்த அதுலதானே போடணும்னா. பைல தயாரா எடுத்து வெச்சிருந்த மாதிரி பதில். எவ்வளவு ஒழுங்கு பாருங்க.

செருப்பு கூடப் போடாம ஓடினேன். அந்தத் தொட்டிக்கு வாய்னு ஒரு கீறல் வெச்சிருக்கான் பாருங்க முனிசிபாலிட்டிக்காரன், தபால் பெட்டி கணக்கா. கைய விட்டேன். தோள் வரைக்கும் விட்டேன். விரல் நுனில காகிதம் தட்டுது, எந்தக் காகிதம்னு தெரியல. கத்தினேன். அப்பத்தான் கத்தினேன். அவ பின்னாலயே ஓடி வந்து நின்னுக்கிட்டிருந்தா, அவளத்தான் கத்தறேன்னு நெனச்சிட்டா. கை மாட்டிக்கிச்சு. காசில்தா ஆலிவ் எண்ணெய் பாட்டிலோட ஓடி வர்றா, எருமை எருமைன்னு திட்டிக்கிட்டே என் தோள்ல ஊத்தறா, நல்ல எண்ணெயப் போயி ஊத்தறேனேன்னு அதுக்கும் திட்டறா. முனிசிபல் போலீஸ் கார் ஒண்ணு வந்து நின்னுச்சு. ஒரு சின்னப் பையன் எறங்கி, ஐயா என்ன தொலைச்சீங்கன்னான். என்னான்னு சொல்றது? வடிகட்டின்னா? துணிக்கிளிப்புன்னா?

நாலு சீட்டு கெடச்சுது. மிச்சத்த மறுநாள் லாரி வந்து அள்ளிட்டுப் போச்சு. ராத்திரி கோவத்தோட உக்காந்து தாள எடுத்து ரெண்டாவது கட்டத்துல கோடு போட்டேன். காலைல அவ பெட்டிய இழுத்துக்கிட்டுப் போகும்போது நான் ரூம விட்டு வெளிய வரல.

என்னது?

சீட்டுத்தானே, ஒபுதுலியா வந்தா வேற எழுதிட்டுப் போறாங்க, இதுக்கா ஒரு பொண்ணோட படிப்பக் கெடுப்பீங்கன்னு கேக்கறீங்க. கேளுங்க. நீங்க கேக்கறது நியாயந்தான். வியாழக்கிழமை வந்ததும் அவகிட்டப் பேசிக்கறேங்கறீங்க. எத்தன மணி பஸ்ஸுன்னு வேற கேக்கறீங்க. பஸ் ஸ்டாண்டுக்கே வந்துடுவீங்க போல இருக்கு.

வர வேணாம்மா. அவ பிப்ரவரிலயே போயிட்டா. பதினொண்ணாந்தேதி. அந்தச் சீட்டெல்லாம் ஜனவரில படுக்கைல உக்காந்து எழுதினது. மடில ரொட்டிப் பலகைய வெச்சுக்கிட்டு. கை நடுங்குதுன்னு துடைப்பத்த மட்டும் மூணு தடவ எழுதினா.

உக்காருங்க, எந்திரிக்காதீங்க. இந்தக் கட்டடம் பூரா தெரியும், உங்க ஆபீசுக்கு மட்டுந்தான் தெரியாது. மே மாசம் அவ போன் கிணுங்குச்சு. ஜனவரியில் ஒப்புக்கொண்டபடி மாணவியை ஏற்பது உறுதியான்னு. நான் ஆமான்னு தட்டினேன். ஏன்னு கேக்காதீங்க. அவ பேருக்கு வந்துச்சு, அவளா இருந்தா ஆமான்னுதான் தட்டியிருப்பா. பொண்ணு வாசல்ல வந்து நின்னு, அம்மா எங்கன்னா. ஒபுதுலியா ஜனவரில அவளுக்கு எழுதின லெட்டர கைல வெச்சிருந்தா. என் வாய் சமோரான்னுடுச்சு, அக்கா வீட்டுலன்னுடுச்சு. எப்ப வருவாங்கன்னா. வியாழக்கிழமைன்னேன். வியாழக்கிழமை வந்துச்சு, அடுத்த வியாழன்னேன். அவ நம்பினா. மேசைல மூணு தட்டு வெப்பா, ஒருவேளை வந்துட்டாங்கன்னான்னு. மூணு வாரம் இந்த வீட்டுல ஒருத்திக்காவது அவ வரப்போறவளா இருந்தா. எனக்கு அது போதும்னு இருந்துச்சு.

தெரிஞ்சிருந்தா பிச்சிருப்பாளா அவ? சொன்னவன் நான், பிச்சுப் போடுன்னு. சொல்லாதவனும் நான்.

அந்த லெட்டர் அவகிட்ட இருக்கும். அதக் கேட்டு வாங்கித் தாங்கன்னு சொல்ல இவ்வளவு நேரமா வாய் வரைக்கும் வருது. வேணாம். கேக்காதீங்க. அது அவளுக்கு எழுதினது.

அழாதீங்கம்மா, தாள் நனையுது. குடுங்க இப்படி. பேனாவக் குடுங்க. எங்க, மொதல் கட்டமா? ரெண்டாவதுல போட்டத அடிச்சுட்டுப் பக்கத்துல கையெழுத்துப் போடணுமா? எம்பேர்லயே போடறேன். எழுத்து இவ்வளவு கோணலா இருந்தா உங்க ஆபீசுல ஒத்துக்குவாங்களா?

சாயங்காலம் போன் பண்ணுவீங்களே, அப்ப அவகிட்டச் சொல்லுங்க. அவ சொன்னது அத்தனையும் சரி. மொத நாள் மொத வார்த்தைலேர்ந்து சரி.